கேட்சுக்கு ஊதிய விசில்

எர்ணாவூரில் ஃபுட்பால் ஆட ஆள் கிடைக்காது. கிரிக்கெட் என்றால் பாடை தூக்கிப் போகிறவன்கூட நின்று ஸ்கோர் கேட்டுவிட்டுப் போவான். ஃபுட்பால் என்று சொன்னால் "அதெல்லாம் இஸ்கூல்ல ஆடறது" என்பான்.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி எம்.கே.பி. நகர் பக்கம். அங்கே சந்துக்கு ஒரு ஃபுட்பால் டீம். மழைத்தண்ணீர் முழங்கால் வரை நின்றாலும் ஆடுவோம். தெருவில் யாராவது செத்துப்போனால் அன்றைக்கு மட்டும் ஆட்டம் கிடையாது. காரியம் முடிந்ததும் அவர் பெயரில் ஒரு கோப்பை வாங்கி டோர்னமென்ட் வைத்துவிடுவோம். உயிரோடு இருந்தவரை எங்கள் பந்தைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்த ஆளுக்குக்கூட எங்கள் தெருவில் கோப்பை உண்டு.

கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் வீடுகளை இடித்தார்கள். தெருவை அப்படியே தூக்கி ஒரே இடத்தில் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. மாற்று வீட்டுக்குக் குலுக்கல் போட்டார்கள். கோல் காக்கிற எங்கள் கோலி சென்னையின் தெற்குக் கோடிக்குப் போனான். அவனுக்கு முன்னால் நின்று தடுக்கிற இரண்டு பேக்கும் இரண்டு திசைக்குப் போனார்கள். எனக்கு வடக்குக் கோடியில் எர்ணாவூர், மூன்றாவது மாடி. வீட்டில் நான் மட்டும்தான். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

ராயபுரத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிற ஒரு காண்டிராக்டரிடம் வேன் ஓட்டுகிறேன். அரிசி, முட்டை, கோஸ், உருளைக்கிழங்கு, சோப்பு. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் கேட்டில் பாஸைக் காட்டி உள்ளே போய், ஏணிக்குக் கீழே இறக்கிவிட்டு வர வேண்டும். பாதி வாழ்க்கை கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஹாரன் அடித்தே போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் முகம் கழுவிக்கொண்டு பந்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். எங்கள் பிளாக்குகளுக்கும் ஒரு கம்பெனி மதில் சுவருக்கும் நடுவில் காலி இடம் இருக்கிறது. அதைத்தான் கிரவுண்ட் என்கிறார்கள். சுவரில் அடிப்பேன், திரும்பி வரும், மறுபடி அடிப்பேன். சுவருக்கு லீவு கிடையாது, ஷிஃப்ட் கிடையாது. நன்றாகத்தான் பாஸ் கொடுக்கும்.

அந்தக் கிரவுண்டின் நடுவில் மண் கொட்டி, தண்ணீர் ஊற்றி, உருளை உருட்டி கிரிக்கெட் பிட்ச் போட்டிருக்கிறார்கள். சாமி சன்னதி மாதிரி. எவனும் குறுக்கே நடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எவன் வந்து ஸ்டம்ப் அடிக்கிறானோ அவனுக்கு அன்றைக்கு கிரவுண்ட். அங்கே அதுதான் சட்டம். ஸ்டம்பைப் பிடுங்கினால் மண்டை உடையும். ஃபுட்பாலில் அடித்து வைக்க என்ன இருக்கிறது? ஒருநாள் நானும் முதல் ஆளாகப் போய்ப் பந்தை நடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் காற்றில் உருண்டு சாக்கடையில் மிதந்துகொண்டிருந்தது. ஸ்டம்ப் அடித்து முடித்திருந்தார்கள்.

இதற்கு நடுவில் எனக்கு எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எப்படிப்பட்ட எட்டுப் பேர் என்றால், கிரிக்கெட்டில் பதினோராவது ஆளாகக்கூட எடுக்கப்படாதவர்கள். ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்குகிற குண்டன் ஒருவன், கண்ணாடி போட்ட மெடிக்கல் ஷாப்காரன் ஒருவன், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நின்றபடியே தூங்குகிறவன் ஒருவன். மற்றவர்களும் அந்த ரகம்தான். ஆடத் தெரியாதது எனக்குப் பிரச்சினையே இல்லை. கைதான் பிரச்சினை. பிறந்ததிலிருந்து கிரிக்கெட் பார்த்த கை. பந்து உயரமாக வந்தால் அது தானாக மேலே போகும். பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"கைய இன்னாத்துக்குடா தூக்கற?"

"நான் தூக்கல நைனா, அதுவா போவுது."

கடைசியில் ஆளுக்கு இரண்டு ஜல்லிக்கல் பொறுக்கிக் கொடுத்தேன். ஒரு கைக்கு ஒன்று. பிராக்டிஸ் முடிகிற வரைக்கும் கல்லைக் கீழே போடக் கூடாது. கையில் ஏதாவது இருந்தால் கை அடங்கி இருக்கும். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆத்திரத்தில் தோன்றியது. கொஞ்சம் வேலை செய்தது. பார்க்கிறவர்களுக்கு மட்டும் எட்டுப் பேரும் எவனையோ அடிக்க ஓடுவது மாதிரி இருக்கும்.

கிரிக்கெட் டீம் கேப்டன் திருவொற்றியூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன். முப்பது வயது இருக்கும். நல்ல ஆட்டக்காரன், அதை நான் மறுக்க மாட்டேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒருநாள் நான் சுவரில் அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா நைனா, டெய்லி சொவுத்துகிட்டயே ஆடிக்கினு கீற? யாரு லீடிங்கு?"

"ஞாயித்துக்கெயம காலைல ரெண்டு மணி நேரம் கிரவுண்டு குடு, சொல்றேன்."

"எட்டு பேர வெச்சிகினு இன்னா ஆடுவ, பல்லாங்குழியா?"

"ஆடறத நான் பாத்துக்கறேன். நீ குடுப்பியா மாட்டியா?"

அவன் யோசித்தான். கூட இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "சரி, ஒரே ஒரு மேட்ச்சு. இந்தாண்ட பதினொன்னு, அந்தாண்ட பதினொன்னு. முச்சூடும் ஆடி முடிக்கணும். பாதில புட்டுக்கிச்சின்னா அத்தோட நீ வாயத் தொறக்கக் கூடாது. ஆடி முடிச்சிட்டன்னு வெய்யி, ஞாயித்துக்கெயம ஒம்போது மணி வரிக்கும் ஒர்த்தன் ஸ்டம்பு அடிக்க மாட்டான். நான் கேரண்டி."

எனக்கு அது போதும். வாரம் ஒரு காலை. அது கிடைத்தால் ஒரு டீம் எழும்பும். கிடைக்காவிட்டால் எட்டுப் பேரும் ஒவ்வொருவனாகக் கழன்றுவிடுவான், எனக்குச் சுவர்தான்.

பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். வியாசர்பாடியில் இன்னும் டீம் வைத்திருக்கிற ஒருத்தன் சொன்னான்: "எர்ணாவூரா மாமு? அந்த லாரி டிராஃபிக்ல நான் வந்து சேர்றதுக்குள்ள ஆஃப் டைம் ஆயிடும். நீ இங்க வாயேன்." இன்னொருவன் எடுக்கவே இல்லை. எனக்கு எதிரில் நிற்கப் பதினோரு பேர் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எண்ணூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. இன்ஜினுக்கு ஏதோ பார்ட் வர வேண்டும் என்று நாள் கணக்கில் நின்றது. நான் சாமான் இறக்கும்போது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ள அந்தக் கப்பலின் சமையல்காரர் இறங்கி வருவார். பிலிப்பைன்ஸ்காரர், என் வயதுதான், குள்ளமான ஆள். அன்றைக்கு கோஸ் மூட்டை அவிழ்ந்து ஒரு கோஸ் உருண்டு கடல் பக்கமாக ஓடியது. அவர் இரண்டு எட்டு வைத்து, பாதத்தின் உள்பக்கத்தால் அதை நிறுத்தி, நுனிக்காலால் மேலே தூக்கிக் கையில் பிடித்தார். பிடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திருட்டு முழி முழித்தார். நான் பார்த்துவிட்டேன். நான் இன்னொரு கோஸை எடுத்து உருட்டினேன். அதையும் நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் நான் கப்பல்காரன் எவனோடும் சேர்ந்து சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

எனக்குத் தெரிந்தது துறைமுக கேட்டு இங்கிலீஷ். அவருக்குத் தெரிந்தது கப்பல் இங்கிலீஷ். இரண்டும் போதுமானதாக இருந்தது. அவர் ஊரில் எல்லாமே பாஸ்கெட்பால்தானாம். தென்னை மரத்தில் வளையம், வீட்டுச் சுவரில் வளையம், பந்து எழும்பாத கடற்கரை மணலில்கூட ஒரு கம்பம் நட்டு வளையம். ஓட்டு கேட்டு வருகிறவன் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குக் கூரை போட்டுத் தருகிறேன் என்றுதான் ஆரம்பிப்பானாம். இவர் ஒரு ஆள் ஃபுட்பால். சின்ன வயதில் பக்கத்துத் தீவில் ஒரு பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒட்டிக்கொண்ட வியாதி. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஃபுட்பால் சொல்லிக் கொடுப்பார். பந்து வந்தால் எல்லாம் கையை நீட்டுமாம். அதனால் காலில் இருக்கிற செருப்பைக் கழற்றி ஆளுக்கு இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஆடச் சொல்வாராம்.

நான் வேனுக்குக் கீழே இருந்து இரண்டு கல் பொறுக்கி, இரண்டு கையிலும் பிடித்துக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. என் தோளில் ஒரு அடி போட்டார்.

அவர் கஷ்டம் என்னுடையதைவிடப் பெரிது. பிள்ளைகள் ஒரு வழியாகப் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்ளும் சமயத்தில் அவருக்கு அடுத்த கப்பல் வந்துவிடும். வருஷம் சுற்றித் திரும்பிப் போனால் எல்லாம் பழையபடி வளையத்துக்குக் கீழே நிற்கும். கோல் போஸ்டுக்கு நட்ட மூங்கிலைப் பிடுங்கித் துணி காயப்போட்டிருப்பார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எத்தனை தடவை என்று கேட்டேன். கையை விரித்தார்.

எனக்குப் பதினோரு பேர் வேண்டும் என்றேன். அவர் கப்பலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பாஸ்கெட்பால்" என்றார். பரவாயில்லை, எனக்கு வேண்டியது தலைக்கணக்கு என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும், சமையல்காரரையும் சேர்த்து, கரைக்கு இறங்க ஷோர் பாஸ் கிடைத்த ஒன்பது பேரை கேட்டுக்கு வெளியில் இருந்து என் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முட்டை டிரேக்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு வந்தார்கள். கப்பலைத் தவிர வேறு எதைப் பார்த்தாலும் அவர்களுக்குச் சந்தோஷம்தான். கிரிக்கெட் பார்க்க வந்த கூட்டம் அப்படியே நின்றது. மாடியெல்லாம் தலை.

அவர்கள் ஒன்பது பேருக்குக் கேப்டன் தன் ஆட்களில் இரண்டு பேரைக் கொடுத்தான். என் எட்டுப் பேருக்குத் தானே ஒரு ஆளாக வந்தான், விக்கெட் கீப்பரை கோலியாக நிறுத்தினான், இன்னொருவனையும் சேர்த்தான். பதினொன்றும் பதினொன்றும் ஆயிற்று. சட்டம் தெரிந்தவன் வேறு எவனும் இல்லாததால் நான்தான் ரெஃப்ரி. வெளியாட்கள் மேல் மோதினால் காயம் படும் என்பதால் கல் வேண்டாம் என்றேன். சமையல்காரர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார். அவர் ஆட்கள் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். என் ஆட்களும் கழற்றினார்கள். கோலிகளையும் கேப்டனையும் தவிர எல்லாரும் வெறுங்காலோடு, கையில் செருப்போடு நின்றார்கள்.

மாடியில் இருந்து ஒரு அம்மா கேட்டது: "யார அடிக்கப் போறீங்கடா அல்லாரும்?"

கேப்டன் மட்டும் ஷூ போட்டிருந்தான். செருப்பு இல்லை. "நான் வெறுங்கையாவே ஆடறேன் நைனா, என் கை என் பேச்சு கேக்கும்" என்றான்.

விசில் ஊதினேன்.

அதை ஃபுட்பால் என்று சொன்னால் எங்கள் சந்தில் செத்துப்போனவர்கள் எழுந்து வந்து உதைப்பார்கள். பந்து எங்கே போகிறதோ அங்கே இருபது பேர் ஓடினார்கள். கப்பல்காரர்கள் பந்து வந்தால் காலால் நிறுத்தாமல் முதுகைக் காட்டி மறைத்து நின்றார்கள். அது பாஸ்கெட்பால் பழக்கமாம். அவர்களில் ஒருவன் தங்கள் கோலுக்கு முன்னாலேயே செருப்பால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். பெனால்டி கொடுத்தேன். என் மெடிக்கல் ஷாப்காரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து அடித்தான், கோல். பிறகு ஐஸ் கம்பெனி குண்டன் மேல் பட்டு ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே போனது. ஒன்றுக்கு ஒன்று. கூட்டம் போகவில்லை. "பிட்ச்சு மேல ஓடாதீங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட "அடிறா, அடிறா" என்று கத்த ஆரம்பித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலை என் கையில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது பந்து சமையல்காரருக்கு வந்தது. அதுவரை ஓடி ஓடி மற்றவர்களுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தவர். அந்த ஒரு தடவைதான் நிமிர்ந்து கோலைப் பார்த்தார். அடித்தார். அந்த மைதானத்தில் அன்றைக்கு விழுந்த ஒரே உண்மையான ஃபுட்பால் அடி அது. வளைந்து, கோலிக்கு எட்டாமல், மேல் மூலைக்குப் போனது. கோல் கோட்டில் நின்ற கேப்டன் ஒரே தாவலாகத் தாவி, ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உருண்டு எழுந்தான். பந்தைத் தூக்கிக் காட்டினான்.

என்ன சத்தம்! மாடியெல்லாம் விசில். கிரிக்கெட்காரர்கள் ஓடி வந்து அவனைத் தூக்கினார்கள். கப்பல்காரர்களும் செருப்பைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். உயரத் தாவுகிறவனைப் பார்த்தால் பாஸ்கெட்பால்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. என் எட்டுப் பேரும் கை தட்டினார்கள். தட்டாதவர்கள் இரண்டே பேர், நானும் சமையல்காரரும். நான் அவரைப் பார்த்தேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதினேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி ஊதினேன். பெனால்டி என்று கையைக் காட்டினேன்.

"எத்துக்கு?" என்றான் கேப்டன். உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை.

"கையால புட்ச்ச."

"ஆமா, புட்ச்சேன். இன்னா கேட்ச்சு! டீவில போட்டா பத்து வாட்டி போடுவான்."

"கேட்ச்சுதான். அதுக்குத்தான் பெனால்டி."

"நைனா, சொம்மா டபாய்க்காத. ஊரே கை தட்டுது, நீ ஊதற."

"ஊர் தட்டினா எனக்கு இன்னாடா? கோல் லைன்ல கையால புட்ச்சிட்டு நிக்கற. சிவப்புக் கார்டே குடுக்கணும். ஆள் கொறஞ்சிடும்னு வுடறேன்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவன் முகம் மாறிவிட்டது. பந்தை என் காலடியில் போட்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "தோ பாரு. ஊதினத வாபஸ் வாங்கிக்கோ. வாங்கினா, மேட்ச்ச முடிச்சிடலாம், ஞாயித்துக்கெயம உன்னுது. இல்லன்னா நான் கெளம்பறேன். நான் போனா என் ஆளுங்க நாலு பேரும் போவாங்க. அப்பால பதினொன்னு எங்க கீது?"

குண்டன் என் காதோரம் வந்து, "வுட்டுடு நைனா, யாரு பாக்கறா" என்றான்.

நான்தான் பார்த்தேன். அடித்தவரும் பார்த்தார். கையால் பிடித்ததை ஒத்துக்கொண்டு அதன்மேல் நான் எந்த ஃபுட்பாலை வளர்ப்பது? நான் பந்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெனால்டி அடிக்கிற இடத்தில் வைத்தேன். இன்றைக்கு வைத்தாலும் அங்கேதான் வைப்பேன்.

கேப்டன் போனான். கோலி கிளவுஸைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே போனான். மற்றவர்களும் போனார்கள். சமையல்காரர் பந்துக்குப் பின்னால் வந்து நின்றார். எதிரில் வெறும் கோல். இரண்டு கம்புக்கு நடுவில் கம்பெனிச் சுவர்தான் தெரிந்தது. நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பந்தைக் காலாலேயே எனக்குத் தள்ளிவிட்டார். கோலி இல்லாத கோலில் அடிக்க மாட்டாராம். மேட்ச் அதோடு புட்டுக்கொண்டது.

பிறகு நடந்ததுதான் எனக்கு எரிச்சல். கப்பல்காரர்களில் ஒருவன் என் காலடியில் இருந்த பந்தைக் கையில் எடுத்துத் தரையில் தட்டினான். எவனோ ஓட்டை விழுந்த பெயிண்ட் பக்கெட்டின் அடியை அறுத்து விளக்குக் கம்பத்தில் கட்டினான். போன கேப்டன் திரும்பி வந்தான், ஆட்களோடு. என் எட்டுப் பேரும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். செருப்பெல்லாம் கிரவுண்ட் முழுக்கக் கிடந்தது. கையைத் தூக்கு, தாவு, பிடி, எறி. கத்தலும் சிரிப்பும் எங்கள் பிளாக்கில் நான் அதுவரை கேட்டதில்லை. பாஷை தெரியாமல் ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் பந்துதான்.

நானும் சமையல்காரரும் மதில் ஓரம் கிடந்த சிமென்ட் குழாய் மேல் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். தன் ஊரிலும் இப்படித்தான் முடியும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர் பங்குக்கும் சேர்த்துக் கோபம் இருந்தது. பாஸ் நேரம் முடிவதற்குள் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் கேட்டில் விட்டேன். பின்னால் ஒரே பாட்டு.

இன்ஜின் பார்ட் வந்து கப்பல் போய்விட்டது. சில மாதம் கழித்து அவர் ஊரில் இருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பினார். தென்னை மரத்தில் வளையம், அதற்குக் கீழே நாலைந்து பிள்ளைகள், கையில் செருப்பு, காலில் பந்து. பின்னால் அவர் குரல் எதற்கோ கத்துகிறது. நான் திருப்பி அனுப்ப என்னிடம் என்ன இருக்கிறது? சுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அடுத்த கப்பல் ஏறிவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு எதுவும் வரவில்லை.

என் எட்டுப் பேர் நான் நினைத்த மாதிரியே ஒவ்வொருவனாகக் கழன்றார்கள். மெடிக்கல் ஷாப்காரனைக் கிரிக்கெட் டீமிலேயே எடுத்துக்கொண்டார்கள். பதினோராவது ஆள். பவுண்டரியில், கம்பெனிச் சுவர் ஓரம் நிறுத்துவார்கள். நான் பந்து அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடிக்காமல் உட்கார்ந்து பார்ப்பேன். அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை.

போன வாரம் கேப்டன்தான் பவுலிங். எதிர் டீம்காரன் தூக்கி அடித்தான். பந்து ஒரு குத்து குத்தி வேகமாக மெடிக்கல் ஷாப்காரனிடம் வந்தது. அவன் வெறுங்காலோடு நின்றான். இரண்டு கையிலும் செருப்பு. அவனுக்கே தெரிந்திருக்காது. பாதத்தைத் திருப்பி, உள்பக்கத்தால், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே நிறுத்தினான். பந்து இம்மியும் நகராமல் காலடியில் நின்றது. அவனும் அப்படியே நின்றான், யாருக்குப் பாஸ் கொடுக்கலாம் என்று பார்க்கிறவன் மாதிரி. அதற்குள் அவர்கள் மூன்று ரன் ஓடிவிட்டார்கள்.

"டேய், கையில இன்னாடா செருப்பு?" என்று பிட்ச்சில் இருந்து கேப்டன் கத்தினான். "த்ரோ பண்றா கஸ்மாலம்!" கத்திவிட்டு அவன் பார்த்தது மெடிக்கல் ஷாப்காரனை இல்லை, என்னை. கிரவுண்டே என்னைப் பார்த்தது.

மெடிக்கல் ஷாப்காரன் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, பந்தைக் கையால் எடுத்து எறிந்தான்.

ஸ்டாப் சரியாகத்தான் செய்தான். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் அதற்குள் நகர்ந்து தள்ளிப் போய் நின்றுகொண்டான்.